மாதாவுக்கு ஒரு சாண் அதிகம்

“அளவுத்துணி குடுக்காம எப்பிடிண்ணே தைக்கிறது?” என்று ரேச்சல் மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

“முடியாதுன்னா முடியாதும்மா” என்றார் கோயில் சாவி வைத்திருக்கும் கோயில்பிள்ளை ஹென்றி.

“மாதாவோட போன வருச அங்கிய ஒரு மணி நேரம் குடுங்க. பாத்து அளவெடுத்துகினு, கையோட திருப்பிக் குடுத்துடறேன்.”

“அத்தெல்லாம் வெளிய தர்றதில்ல.”

“அப்போ கூண்டத் தொறங்க. டேப்பு வெச்சு ரெண்டே நிமிசம்.”

ஹென்றி நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். “பெத்த தாயி மேல டேப்பு வெப்பியா நீ?”

“வெக்கிறேனே. எங்கம்மாவுக்கு நான்தானே ஜாக்கெட் தைக்கிறேன்.”

யாராவது மடக்கிவிட்டால் மணி அடிக்கப் போய்விடுவது ஹென்றியின் வழக்கம். போய்விட்டார்.

ராயபுரத்தில் கடலைப் பார்த்தபடி இருக்கும் அந்தக் கோயிலில் மாதா சொரூபம் வருடம் முழுவதும் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும். திருவிழாக் கொடியேற்றத்தன்றுதான் கூண்டு திறக்கும். அன்று மதியம் திரையை இறக்கிவிட்டு, ஹென்றி தனியாக மாதாவுக்குப் புது மேலங்கி அணிவிப்பார். கூட யாரும் இருக்கக் கூடாது. சாயங்காலம் திரை விலகும்போதுதான் ஊர் பார்க்கும். முப்பத்தொரு வருடமாக இதுதான் சட்டம். மேலங்கியை நேர்ச்சையாகக் கொடுக்க ஊரில் அவ்வளவு போட்டி. பெயர் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். இந்த வருடம் ரேச்சலின் முறை.

இதில் ரேச்சலுக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. அவள் பதினாறு வருடமாக ஜாக்கெட் தைப்பவள். அளவு இல்லாமல் தைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு வருடமும் யார் யாரோ தைத்த மேலங்கி மாதாவுக்குச் செதுக்கி வைத்ததுபோலப் பொருந்தியிருந்தது. போன வருடம் கொடுத்தது குணசுந்தரி. தையல் மெஷின் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது அவளுக்கு. தன் மகனுக்குத் தைத்த கால்சட்டையில் ஒரு கால் மட்டும் முழங்காலோடு நின்றுபோனது. அவள் தைத்த மேலங்கிகூட ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றது.

குணசுந்தரியால் முடிந்தது தன்னால் முடியாமல் போனால் மாதா முகத்தில் எப்படி விழிப்பது?

அதுவும் சாதாரண நேர்ச்சை இல்லை. பத்து மாதத்துக்கு முன்னால் சாத்தாங்காட்டில் ஒரு பட்டறையில் தகட்டைப் புரட்டும்போது அவள் புருஷன் ஜெரியின் வலது கை மாட்டிக்கொண்டது. கை தேறுமா என்று டாக்டர்கள் உதட்டைப் பிதுக்கியபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி ரேச்சல் வேண்டிக்கொண்டாள்: “தாயே, அந்தக் கையக் குடுத்துடு. என் கையால உனக்கு அங்கி தச்சுப் போடறேன்.”

கை பிழைத்தது. முழங்கை மட்டும் முழுசாக நீளாது. ஆனால் கையோடு ஜெரி திரும்பி வரவில்லை. வந்தது வேறு யாரோ.

பழைய ஜெரி பட்டறையில் மார்க்கிங் போடுகிறவன். முழ நீளக் காகிதத்தில் இருக்கும் படத்தைப் பார்த்து, பத்தடித் தகட்டின்மேல் சாக்பீஸால் கோடு இழுப்பான். அவன் கோட்டின்மேல்தான் வெட்டுவார்கள். ஒரு நூல் பிசகினால் முழுத் தகடும் வீண். அவன் கோடு பிசகியதே இல்லை. இப்போது அவன் ரேச்சலின் கடையில், கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியின்மேல் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டறை முதலாளி ரகுபதி திங்கட்கிழமை தவறாமல் போன் செய்வார்.

“நைனா, எப்ப வர்றே?”

“கை இன்னும் செட் ஆவல மொதலாளி.”

“கோடு போடறதுக்கு இன்னாத்துக்குப்பா கை? உன் கண்ணு வந்தா போதும். தூக்குறதுக்கு ஆளு கீது.”

“பாக்கலாம் மொதலாளி.”

கை அல்ல பிரச்சினை என்று ரேச்சலுக்குத் தெரியும். தன் கோட்டை அவனே நம்பவில்லை. நம்பாதவன் கையில் சாக்பீஸ் எப்படி நிற்கும்?

அன்று கோயிலிலிருந்து வந்து, “அளவு தரமாட்டாராம். கண்ணால பாத்தே தைக்கணுமாம். இன்னா பேஜாரு பாருங்க!” என்று அவள் புலம்பியபோது, ஜெரி தெருவிலிருந்து முகத்தைத் திருப்பினான். பத்து மாதத்தில் முதல் தடவை.

“அளக்காம அளவு கண்டுபிடிக்கலாம்” என்றான்.

“எப்பிடி?”

எழுந்துபோய், ஜெப மாடத்திலிருந்த குட்டி மாதாவை எடுத்து வந்தான். திருவிழாக் கடையில் வாங்கியது. பெரிய மாதாவின் அதே அச்சு, அதே சாயல்.

“இது ஒசரம் பத்து இன்ச்சு. தோள்லேர்ந்து பாதம் எட்டு இன்ச்சு. கோயில்ல கீறதும் இதே உருவம்தான், பெரிசு, அவ்ளோதான். அவங்க ஒசரம் இதுக்கு எத்தினி மடங்குன்னு தெரிஞ்சா போதும். தோளு, இடுப்பு, சுத்தளவு எல்லாத்தையும் அதே மடங்கால பெருக்கிக்கலாம். பட்டறைல இத்தத்தானே பண்ணுவோம்.”

“அந்த ஒசரம் யாருக்குத் தெரியும்?”

ஜெரி சுவரைக் காட்டினான். அங்கே பங்குக் காலண்டர் தொங்கியது. போன திருவிழாவில் எடுத்த படம். தேரில் ஏற்றுவதற்கு முன்னால் தரையில் மாதா நிற்க, பக்கத்தில் பங்குச் சாமியார் கும்பிட்டபடி நிற்கிறார். முன்னால் வரிசையாகப் பூந்தொட்டிகள்.

“ஃபாதர் எவ்ளோ ஒசரம்?”

“சரியா அஞ்சடி. அவரு வெள்ளை அங்கி நான்தானே தைக்கிறேன். அறுவது இன்ச்சு, ஒரு நூல் கூட கெடையாது.”

ஜெரி ஸ்கேலை வைத்தான். “தரைலேர்ந்து தலை வரைக்கும் ஃபாதர் பன்னெண்டு சென்டிமீட்டர். மாதா பத்து. அறுவதப் பன்னெண்டால வகுத்தா அஞ்சு. படத்துல ஒரு சென்டிமீட்டர்னா நெசத்துல அஞ்சு இன்ச்சு. அப்போ மாதா அம்பது இன்ச்சு. குட்டி மாதாவுக்கு அஞ்சு மடங்கு. உன் அங்கி, தோள்லேர்ந்து பாதம், நாப்பது இன்ச்சு!”

அவன் குரலில் அந்தப் பழைய கணீர் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. ரேச்சல் குட்டி மாதாவைப் பார்த்து மனதுக்குள் ஸ்தோத்திரம் சொன்னாள்.

“ஒரு வழில பாத்தா போதாது” என்றான் ஜெரி. “இன்னொரு வழிலயும் பாக்கணும். நாளைக்குக் கோயிலுக்குப் போலாம்.”

மறுநாள் சனிக்கிழமை. கோயில் தரையில் ஓரடிக் கல் பதித்திருந்தது. மாதா கூண்டுக்கு நேரே இருபது கல் எண்ணி ஜெரி நின்றான். இருநூற்று நாற்பது அங்குலம். வலது கையில் ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்துக் கையை நீட்டினான். ஒரு கண்ணை மூடினான்.

“கண்ணுலேர்ந்து என் கை இருவத்திநாலு இன்ச்சு” என்று கிசுகிசுத்தான். “பட்டறைல எத்தினியோ தபா அளந்தது. மாதா கீற தூரம் அதுக்குப் பத்து மடங்கு. ஸ்கேல்ல அவங்க எத்தினி இன்ச்சா தெரியறாங்களோ, அதுக்குப் பத்து மடங்கு அவங்க ஒசரம்.”

“எத்தினி தெரியுது?”

“இரு, மூச்சு வுடாதே.”

இவர்களுக்குப் பின்னால் பவுனம்மாள் நின்றுகொண்டிருந்தாள். காசிமேட்டில் மீன் விற்பவள். வீட்டில் கும்பிடுவது எல்லையம்மனை என்றாலும், சனிக்கிழமை மாதாவுக்கு ஒரு முழம் பூ கொண்டுவராமல் இருக்கமாட்டாள். ஜெரியின் நீட்டிய கையை, மூடிய கண்ணை, அசையாத நிலையைப் பார்த்தாள்.

“இன்னா வேண்டுதலும்மா இது?” என்று ரேச்சலின் காதில் கேட்டாள்.

உண்மையைச் சொன்னால் ஹென்றிக்குப் போய்விடும். “கை நோவுக்குக்கா” என்றாள் ரேச்சல்.

பவுனம்மாளுக்கு ஆறு மாதமாகத் தோள்வலி. கூடையை இறக்கி வைத்தாள், கையை நீட்டினாள், ஒரு கண்ணை மூடினாள். அவளைப் பார்த்து அவளோடு வந்த மூன்று பேர் நீட்டினார்கள். அவர்களைப் பார்த்துப் பக்கத்து வரிசை நீட்டியது. மெழுகுவத்தித் தட்டோடு வந்த ஹென்றி திகைத்து நின்றார்.

“இன்னா ஜெரி இது? மாதாவ ஏலம் வுடறீங்களா எல்லாரும்?”

ஜெரி ஸ்கேலைச் சட்டைக்குள் சொருகினான். வெளியே வந்ததும் முகம் மலர்ந்து சொன்னான்:

“அஞ்சு இன்ச்சு! பத்தால பெருக்கு. அம்பது! காலண்டரும் அம்பது, கையும் அம்பது. ரெண்டு சாட்சி ஒண்ணாப் பேசுதுன்னா தப்பாவுமா?”

அன்றே பழைய செய்தித்தாள்களை ஒட்டி, தரையில் முட்டி போட்டு, சாக்பீஸால் மேலங்கிக்கு நாற்பது அங்குலத்தில் படிவம் வரைந்தான். பத்து மாதம் கழித்து அவன் கையில் சாக்பீஸ். ரேச்சல் மெஷினை மிதிப்பதைக்கூட நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஜெரி டீ குடிக்கப் போயிருந்த நேரம், ஹென்றியின் மனைவி இருதயம்மாள் கடைக்கு வந்தாள். ரேச்சல் கடையில் நூல், பட்டன், ஊக்கு, ஹூக் எல்லாம் கிடைக்கும்.

“ரெண்டு டஜன் ஊக்கு குடுடி. பெரிசா, கெட்டியா. எங்கூட்டுக்காரரு வாங்கியாரச் சொன்னாரு.”

ரேச்சல் எண்ணிக் கொடுத்தாள். இருதயம்மாள் மீன் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் பேசாமல் எழுந்திருப்பவள் அல்ல அவள். சுவர்க் காலண்டரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“இந்தப் போட்டோவுக்கு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஃபாதரு நின்னாரா, அந்தப் பூந்தொட்டிக்குப் பின்னால பாதி ஆளக் காணோம். தொட்டிய நகத்தறதுக்கு நேரமில்ல. எந்தம்பி ஓடிப்போயி இந்த மாதிரி ஒரு மீன் பெட்டியக் கொண்டாந்து கவுத்துப் போட்டான். அதும்மேல ஏறித்தான் கும்பிடறாரு. யாருகிட்டயும் சொல்லிடாதே.”

ரேச்சலின் கையிலிருந்த கத்தரி கீழே விழுந்தது.

இருதயம்மாள் போனதும் முதல் வேலையாக மீன் பெட்டியை அளந்தாள். பன்னிரண்டு அங்குலம். அப்படியானால் படத்தில் நிற்பது அறுபது அங்குல ஃபாதர் இல்லை. பெட்டியோடு சேர்த்து எழுபத்திரண்டு. பன்னிரண்டால் வகுத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு ஆறு அங்குலம். மாதா ஐம்பது இல்லை, அறுபது. குட்டி மாதாவுக்கு ஆறு மடங்கு. ஆறெட்டு நாற்பத்தெட்டு. மேலங்கிக்கு எட்டு அங்குலம் குறைகிறது!

அப்படியானால் ஜெரியின் கை ஏன் ஐம்பது என்றது?

ஜெரி டீ குடித்துவிட்டு வந்தான். உயரத்தில் இருந்த நூல்கண்டுப் பெட்டியை எடுக்கக் கையை நீட்டினான். முழங்கை பாதியில் நின்றது. குதிகாலை உயர்த்தி எட்டி எடுத்தான்.

ரேச்சலுக்குப் புரிந்தது. அவன் சொன்ன இருபத்துநாலு அங்குலம் பழைய கையின் அளவு. இந்தக் கை நீட்டினால் இருபதுக்கு மேல் போகாது. ஸ்கேல் நாலு அங்குலம் கண்ணுக்குக் கிட்டே வந்திருக்கிறது. அதனால்தான் மாதா அதில் ஆறு அங்குலம் தெரியவேண்டிய இடத்தில் ஐந்தாகத் தெரிந்திருக்கிறார்.

சொன்னால் என்ன ஆகும்? இப்போதுதான் சாக்பீஸைத் தொட்டிருக்கிறான். ‘உன் கை குறையுது’ என்று பெண்டாட்டி வாயால் சொன்னால், திரும்ப அந்த மீன் பெட்டியில் போய் உட்கார்ந்துவிடுவான். எழுப்பவே முடியாது.

சொல்வதில்லை என்று முடிவு செய்தாள். மேலங்கியை வெட்டப்போகிறவள் அவள்தானே? வெட்டும்போது எட்டு அங்குலம் சேர்த்துக்கொண்டால் போயிற்று. மறுநாள் ஜரிகை வாங்க எம்.சி. ரோட்டுக்குப் போய்விட்டு வந்தாள். புதன்கிழமை காலையில் நீலப் பட்டை மேசைமேல் விரித்தாள்.

ஜெரி படிவத்தைக் கொண்டுவந்து, தானே பட்டின்மேல் நேராக வைத்துக் கொடுத்தான். அதன் அடிப்பக்கத்தில் புதுப் பசையின் தடம் தெரிந்தது. பிய்ந்ததை ஒட்டியிருப்பான் என்று ரேச்சல் நினைத்துக்கொண்டாள். டேப்பைக் கையில் எடுக்கவில்லை. அவன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான். அவன் கோட்டை அவளே அளந்து பார்த்தால் அவன் மனசு என்ன பாடுபடும்?

படிவத்தின் விளிம்புக்குக் கீழே கையை விரித்து வைத்தாள். அவள் சாண் எட்டு அங்குலம். கடைத்தெரு முழுக்கத் தெரிந்த சாண் அது. அங்கே கோடு போட்டாள்.

“அது இன்னாத்துக்கு ரேச்சலு?”

“பட்டாச்சேங்க. உள்ள மடிக்க வுட வேணாமா?”

“ஓ, மடிக்கிறதுக்கா? வுடு வுடு” என்றான் அவன்.

அகலத்திலும் இரண்டு பக்கமும் நாலு விரல் விட்டாள். பொய் சொல்லிவிட்டோமே என்று உறுத்தியது. நன்மைக்கு என்று மாதாவிடம் சொல்லிக்கொண்டாள். வெட்டினாள். மூன்று நாள் ராப்பகல் பாராமல் தைத்தாள். மடிப்பு அரை விரல்கடைதான் விட்டாள் என்பதை ஜெரி கவனிக்கவில்லை. ஜரிகை பளபளத்தது.

கொடியேற்ற நாள் காலைப் பூசையில் மேலங்கியைத் தாம்பாளத்தில் வைத்து, மல்லிகைப் பூ சுற்றிக் கொண்டுபோனார்கள். ஃபாதர் தண்ணீர் தெளித்து மந்திரித்தார். ஹென்றி பயபக்தியோடு வாங்கி உள்ளே கொண்டுபோனார். நேர்ச்சை தீர்ந்தது. ரேச்சலுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

திரும்பி வரும் வழியில், ரயில்வே கேட் பக்கம், ஜெரி நின்றான்.

“ரேச்சலு, உங்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன். இனிமே சொன்னா தப்பில்ல.”

“இன்னாது?”

“என் கை நீளாதில்ல? அன்னிக்கு நீ ஜரிகை வாங்கப் போனியே, அப்ப சும்மா நம்ம வூட்டு வாசக்கதவ அதே மாதிரி ஸ்கேலப் புடிச்சு அளந்து பாத்தேன். ஆறடிக் கதவு அஞ்சடின்னு காட்டுச்சு. கதவு குட்டையாவுமா? அப்பத்தான் புரிஞ்சுது, கைதான் குட்டை. அழுவையே வந்துடுச்சு. அப்புறம் யோசிச்சேன். கை குட்டைன்னா இன்னா, குட்டைக் கைக்கும் ஒரு கணக்கு கீதே? எல்லாத்தையும் ஆறுக்கு அஞ்சா கொறைச்சுக் காட்டுது. அவ்ளோதான். திருப்பி ஆறு ஆக்கிட்டா சரி. அம்பது அறுவதாச்சு, நாப்பது நாப்பத்தெட்டாச்சு. காலண்டரு ஏன் அம்பதுன்னுச்சுன்னு புரியல, கதவத்தான் நம்புனேன். உன் மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லல. நீ வர்றதுக்குள்ள படிவத்துல எட்டு இன்ச்சு காயிதம் ஒட்டிட்டேன்.”

ரேச்சல் நடுரோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது.

“இன்னாடி?”

“நானும் எட்டு இன்ச்சு சேத்துட்டேங்க” என்றாள்.

“எதுல?”

“துணில. அது மடிக்கிறதுக்கு இல்ல.”

மீன் பெட்டிக் கதையைச் சொன்னாள். ஜெரி தலையில் கை வைத்துக்கொண்டான். நாற்பத்தெட்டு தேவைப்படும் மாதாவுக்கு ஐம்பத்தாறு. ஒருவர் மனசு நோகக் கூடாதென்று இன்னொருவர் இப்படிச் சொல்லாமல் உதவும்போது, உலகத்தில் சில குழப்பங்கள் வரத்தான் செய்கின்றன. ஆண்டவர் அவற்றைப் பார்த்துச் சிரிப்பாரே தவிரக் கோபப்படமாட்டார். ஆனால் கொடியேற்றத்துக்கு வருகிற ஊர் அப்படியா?

இரண்டு பேரும் திரும்பி ஓடினார்கள். கோயில் கதவு சாத்தியிருந்தது. தட்டினார்கள். ஹென்றி ஒரு கதவை மட்டும் நாலு விரல் திறந்து மூக்கைக் காட்டினார்.

“இன்னா?”

“அண்ணே, அங்கி ஒரு சாண் பெரிசு! தரைல பொரளும்ணே. அரை மணி நேரம் குடுங்க, வெட்டிச் சின்னதாக்கிக் குடுத்துடறேன்” என்று ரேச்சல் மூச்சிரைத்தாள்.

“மந்திரிச்ச துணி மேல கத்திரி வெப்பியா?”

“அப்போ குணசுந்தரி குடுத்த பழசயே போட்டுடுங்கண்ணே. எனக்கு வருத்தமில்ல.”

“திரை எறங்கிடுச்சும்மா.”

“எங்கணக்குதான் தப்பு, அண்ணே” என்றான் ஜெரி. குரல் உள்ளே போயிருந்தது. “ஊரு சிரிச்சா என்னப் பாத்து சிரிக்கட்டும். ஆனா மாதா அலங்கோலமா நிக்கக்கூடாது. எனக்குக் கோடு போடற வேலையே வேணாம்ணே. இத்தோட வுட்டுடறேன்.”

ஹென்றி அவன் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அவன் கையைப் பார்த்தார். பிறகு தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உள்ளே ஏதோ கிலுகிலுத்தது; சாவியாக இருக்கும்.

“போங்க. குளிச்சிட்டுப் புதுத்துணி கட்டிகினு சாயங்காலம் வாங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

சாயங்காலம் கோயில் நிரம்பி வழிந்தது. ஜெரியும் ரேச்சலும் கடைசித் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றார்கள். பவுனம்மாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு அவர்களிடம் வந்தாள். “ஏம்மா, அந்தக் கை நீட்டற வேண்டுதல் சும்மா சொல்லக்கூடாது. எட்டு நாளா நீட்டறேன், தோளு நல்லா கீது!” என்றாள். ரேச்சலுக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

மணி அடித்தது. திரை விலகியது.

“ஆ...” என்றது கூட்டம்.

ரேச்சல் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஜெரி அவள் தோளை உலுக்கினான்.

“ரேச்சலு... கண்ணத் தொறந்து பாரு.”

பார்த்தாள். நீலப் பட்டு மாதாவின் தோளிலிருந்து ஆறுபோல இறங்கி, பாதத்தின் விரல் நுனியில் வந்து நின்றது. ஒரு விரல்கடை கூடவில்லை, குறையவில்லை. தோளில் சுருக்கம் இல்லை. முப்பத்தொரு வருடத்தில் இப்படி ஒரு மேலங்கி வந்ததில்லை என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் ஹென்றி வேர்த்துக் களைத்து, கட்டைவிரலில் பிளாஸ்திரியோடு நின்றுகொண்டிருந்தார்.

“நாப்பத்தெட்டுதானே?” என்று ஜெரி தூணைப் பார்த்துக் கேட்டான். “உன் காலண்டரும் அதச் சொல்லுது, என் கையும் அதச் சொல்லுது. அப்புறம் அம்பத்தாறு எப்பிடிப் பொருந்துச்சு?”

“கணக்கு தப்பலீங்க” என்றாள் ரேச்சல். கண்ணில் தாரையாக நீர். “நமக்காக மாதா ஒரு சாண் வளந்துட்டாங்க.”

ஜெரி மாதாவைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னான்: “அப்போ என் கோடு பிசகல.”

திங்கட்கிழமை ரகுபதி போன் செய்வதற்கு முன்னாலேயே அவன் செய்தான். “மொதலாளி, இன்னிக்கு வந்துடறேன். ஸ்கேலப் புடிச்சா என் கை இருவது இன்ச்சு, அத மட்டும் நோட்டுல குறிச்சு வெச்சுக்கோங்க” என்றான். சட்டைப்பையில் இரண்டு சாக்பீஸ். சாத்தாங்காடு போகிற பஸ்ஸில் அவன் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையை அவளுக்கு ஆட்டியதை, பஸ் திரும்பும்வரை ரேச்சல் பார்த்துக்கொண்டு நின்றாள். மீன் பெட்டி காலியாக இருந்தது.

அந்தக் காலி மீன் பெட்டியில் வியாழக்கிழமை இருதயம்மாள் வந்து உட்கார்ந்தாள்.

“ஊக்கு எத்தினி டஜன் கீதோ, அத்தினியும் குடுடி. வூட்ல ஒண்ணு மிச்சமில்ல. எம்புடவைல கீறதயும் புடுங்கிகினு போய்ட்டாரு அந்த மனுசன்.”

“குடுக்கறேன்க்கா. அதுக்கு முன்ன இதக் கேளு” என்று ரேச்சல் கல்லாப்பெட்டியை விட்டு எழுந்து வந்தாள். நடந்த அதிசயத்தை ஒன்று விடாமல் சொன்னாள்: காலண்டர், கை, இரண்டு எட்டங்குலம், தங்களுக்காக மாதா ஒரு சாண் வளர்ந்தது. சொல்லும்போதே அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

இருதயம்மாள் வாசல் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு ரேச்சலின் கன்னத்தைக் கிள்ளினாள்.

“போடி பைத்தியம், முப்பத்தோரு வருசமா வந்த அங்கில ஒண்ணுகூட மாதாவுக்கு அளவா இருந்ததில்ல, எப்பவும் ரெண்டு டஜன் ஊக்குல முதுகுப்பக்கம் இழுத்துக் குத்தி முடிச்சுடுவாரு, உன்னுதுக்குத்தான் அஞ்சு டஜன் ஆச்சுன்னு இன்னும் வெரல ஊதிகினு ஒக்காந்துகினு கீறாரு!”